லூயிஸ் ஃபுல்லர் என்றொரு ஆள் இல்லை

1983-இல் அமெரிக்கத் தியேட்டர்களுக்கு ‘செவன் டோர்ஸ் ஆஃப் டெத்’ என்று ஒரு பேய்ப் படம் வந்தது. இயக்கம்: லூயிஸ் ஃபுல்லர். படம் பார்த்தவர்களில் சிலர் அந்தப் பெயரைத் தேடிப் பார்த்திருப்பார்கள். கிடைத்திருக்காது. அப்படி ஒருவர் உலகத்திலேயே இல்லை.

உண்மையில் அது 1981-இல் இத்தாலியில் வெளியான படம். உலகம் இன்று ‘த பியாண்ட்’ என்று சொல்கிறது. எடுத்தவர் ரோம் நகரத்துக்காரரான லூச்சியோ ஃபுல்ச்சி. அமெரிக்க விநியோகஸ்தர்கள் ரத்தக் காட்சிகளை வெட்டினார்கள், ஃபாபியோ ஃப்ரிஸ்ஸியின் இசையை உருவிவிட்டு வேறு இசையை ஒட்டினார்கள், கடைசியில் இயக்குநரின் பெயரையும் மாற்றிவிட்டார்கள்.

ஃபுல்ச்சி பிறந்தது 1927-இல். மருத்துவம் படிக்கப் போய் சினிமாவுக்கு வந்தவர். முதலில் அவருக்குச் சோறு போட்டது பேய் அல்ல, காமெடி. ஃபிராங்கோ, சிச்சியோ என்ற இரட்டையர் அன்றைய இத்தாலியில் சக்கைப்போடு போட்டவர்கள். அவர்களை வைத்து வரிசையாகப் படம் எடுத்தார். பாட்டுப் படம், கௌபாய் படம் என்று எது கிடைத்தாலும் எடுத்தார். 1971-இல் ஒரு த்ரில்லரில் வயிறு கிழிக்கப்பட்ட நாய்கள் துடிப்பதுபோல் ஒரு காட்சி. நிஜ நாய்களை வதைத்துவிட்டார் என்று வழக்கே வந்தது. பொம்மைகளைச் செய்த கார்லோ ராம்பால்டி அவற்றை நீதிமன்றத்துக்கே எடுத்துப்போய்க் காட்டித்தான் ஃபுல்ச்சி தப்பித்தார். பிற்பாடு ஸ்பீல்பெர்க்கின் ‘ஈ.டி.’யை உருவாக்கியதும் இதே ராம்பால்டிதான்!

பெரிய வெற்றி 52 வயதில் வந்தது. ஜார்ஜ் ரொமேரோவின் ஸோம்பி படம் இத்தாலியில் ‘ஸோம்பி’ என்ற பெயரில் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, கதையில் எந்தச் சம்பந்தமும் இல்லாமல் 1979-இல் ‘ஸோம்பி 2’ வந்தது. அதில் கடலுக்கடியில் ஒரு ஸோம்பியும் சுறாவும் கட்டிப் புரளும். கிராஃபிக்ஸ் இல்லாத காலம். சுறா நிஜச் சுறா. ஸோம்பி வேஷத்தில் தண்ணீருக்குள் இறங்கியவர் மெக்ஸிகோவின் கடலடி ஒளிப்பதிவாளர் ரமோன் பிராவோ. படத்தையே பார்க்காதவர்கள்கூட இந்தக் காட்சியைச் செல்போனில் பார்த்திருப்பார்கள்.

பிரிட்டனில் கதை வேறு. 1980-களின் தொடக்கத்தில் ‘வீடியோ கேசட்டுகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன’ என்று பத்திரிகைகள் கூச்சல் போட, அரசு வழக்கறிஞர் அலுவலகம் ஒரு பட்டியல் போட்டது. ஃபுல்ச்சியின் படங்கள் அதில் ஏறின. கடைகளில் கேசட்டுகள் பறிமுதல். தடை போட்டால் ஆசை கூடும் என்பது தெரிந்த விஷயம்தானே. பிரதிக்குப் பிரதி எடுத்து, நிறம் மங்கி, கோடு விழுந்த கேசட்டுகள் கைமாறின. ஒரு தலைமுறை ரசிகர்கள் ஃபுல்ச்சியை அப்படித்தான் பார்த்தார்கள், பாதி இருட்டில்.

ரோமில் இருந்தவருக்கு இதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. சர்க்கரை நோய் முற்றியது. பணமும் குறைந்தது. 1996 ஜனவரியில் நியூயார்க்கில் ‘ஃபாங்கோரியா’ என்ற திகில் பத்திரிகை நடத்திய ரசிகர் கூட்டத்துக்கு அவரை அழைத்தார்கள். நகரமே பனிப்புயலில் மூடிக் கிடந்தது. நடக்கவே சிரமப்பட்ட நிலையில் வந்து சேர்ந்தார். யார் வரப்போகிறார்கள் என்றுதான் தோன்றியிருக்கும். ஆனால், அந்தப் பனியிலும் கூட்டம் திரண்டிருந்தது. கையெழுத்துக்கு வரிசை. அமெரிக்காவில் தனக்கு இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை அன்றுதான் அவர் நேரில் கண்டார்.

இரண்டே மாதம். மார்ச் 13 அன்று ரோமில் இறந்துபோனார், 68 வயதில். சக இயக்குநர் தாரியோ அர்ஜெண்டோ தயாரிப்பில் அவர் எடுக்கவிருந்த ‘வாக்ஸ் மாஸ்க்’ படத்தை வேறொருவர் முடித்து, அவருக்கே காணிக்கையாக்கினார்.

1998-இல் ‘த பியாண்ட்’ வெட்டில்லாமல், சொந்தப் பெயரோடு, நள்ளிரவுக் காட்சிகளாக அமெரிக்காவில் திரும்ப வந்தது. பின்னால் இருந்தவர்களில் ஒருவர் குவெண்டின் டாரண்டினோ. விமர்சகர் ரோஜர் ஈபர்ட் அதற்குக் கொடுத்தது நான்கில் அரை நட்சத்திரம். கதையில் கோர்வை இல்லை என்பது அன்றும் இன்றும் சொல்லப்படும் குறை. உண்மைதான், இல்லை. கதையை நம்பாமல் காட்சிகளை மட்டும் நம்பி எடுத்தேன் என்று ஃபுல்ச்சியே பேட்டிகளில் விளக்கியிருக்கிறார். கெட்ட கனவுக்கு யாராவது கோர்வை கேட்பார்களா?

இப்போது நல்ல பிரதிகள் வந்துவிட்டதால், ரசிகர்கள் பின்னோக்கிப் போகிறார்கள். போய் நிற்கும் இடம் 1972-இல் வந்த ‘டோன்ட் டார்ச்சர் எ டக்ளிங்’. பேயே இல்லாத படம். தென் இத்தாலியக் கிராமம் ஒன்றில் சிறுவர்கள் ஒவ்வொருவராகக் கொல்லப்படுகிறார்கள். சூனியக்காரி என்று ஊர் ஒதுக்கிய ஒரு பெண் மீது சந்தேகம். குற்றவாளி இல்லை என்று போலீஸ் விட்டுவிடுகிறது. ஊர் ஆண்கள் விடவில்லை. கல்லறைத் தோட்டத்தில் வளைத்து, சங்கிலியால் அடிக்கிறார்கள். பக்கத்தில் ரேடியோ பாடிக்கொண்டே இருக்கிறது. ரத்தம் சொட்டச் சொட்ட அவள் நெடுஞ்சாலை ஓரம் வரை ஊர்ந்து வருகிறாள். விடுமுறைக்குக் கிளம்பிய குடும்பங்கள் கார்களில் கடந்து போகின்றன. ஒரு கார்கூட நிற்பதில்லை. ஸோம்பிகள் தின்னும் எந்தக் காட்சியையும்விட இது பயங்கரம். ஏனென்றால், இதில் வருபவர்கள் எல்லாரும் சாதாரண மனிதர்கள்.

அதற்காக எல்லாவற்றையும் தலையில் தூக்கிவைக்க முடியுமா? ரசிகர்களுக்குள் பெரிய சண்டையே 1982-இல் வந்த ‘த நியூயார்க் ரிப்பர்’ பற்றித்தான். வாத்துக் குரலில் பேசும் கொலைகாரன் பெண்களை வெட்டித் தள்ளுகிறான். பிரிட்டனில் பல ஆண்டுகள் தடை. ‘அழுகிப்போன நகரத்தைக் காட்டுகிறார்’ என்று வாதாடுபவர்கள் உண்டு. ஆனால், அந்தப் படத்தில் கேமரா பெண்கள் சாவதைப் பார்ப்பதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்துக்கு அது பதில் ஆகாது. ‘டக்ளிங்’கில் அடிபடும் பெண்ணுக்காக நமக்கு வலிக்கிறது. ‘ரிப்பர்’ அப்படி வலிக்க விடுவதில்லை. இரண்டையும் எடுத்தது ஒரே ஆள் என்பதுதான் ரசிகர்களின் தலைவலி.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ‘டக்ளிங்’கில் தொடங்கலாம். அடுத்து ‘த பியாண்ட்’. இரண்டுமே வீட்டில் பிள்ளைகள் தூங்கிய பிறகு, அதுவும் சாப்பிட்டு முடித்து ரொம்ப நேரம் கழித்து. சுறாச் சண்டையை மட்டும் வேண்டுமானால் எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம்.