மார்கழி விழாவும் எமது பிள்ளைகளும்

கல்லூரி வாயிலில் மகனை ஏற்றிச் செல்ல வந்த தந்தையொருவர் சென்ற கிழமை எம்மை மறித்தார். "மாஸ்டர், இந்த மார்கழி லீவுக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சென்னைக் கச்சேரிகளுக்குப் போகலாமெண்டு யோசிக்கிறம். நீங்கள் போய் வந்தனீங்களாம். சின்னப் பிள்ளைகளோடை அது சரிவருமோ?" என்று கேட்டார். மணி அடித்துவிட்டமையால், "சரிவரும், ஆனால்..." என்ற அளவில் விடைபெற்றோம். அந்த "ஆனால்" என்ற சொல்லுக்குப் பின்னால் நின்றவற்றை இவ்வாரம் எழுதுகிறோம். அவரைப் போன்ற எண்ணமுடைய தாய் தந்தையர் வேறு பலரும் இருத்தல் கூடும்.

சென்னை மாநகரின் இசைவிழாவைப் பற்றி அறியாத தமிழ்க் குடும்பம் இல்லை. 1927ஆம் ஆண்டு டிசெம்பரிற் காங்கிரஸ் மகாசபை அங்கே கூடியபோது அதனுடன் ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் பயனாக 1928இற் சங்கீத வித்துவ சபை தோன்றியது. தமிழ்ப் பாடல்களுக்கு அரங்கில் உரிய இடம் வேண்டும் என்ற இயக்கத்தின் பயனாக 1943இல் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது. இன்று மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, தியாகராய நகர் முதலிய பகுதிகளிற் பல சபைகள் ஒரே காலத்தில் விழா நடத்துகின்றன. காலையிலும் நண்பகலிலும் இளங்கலைஞர் பாடுவர். மாலையிலும் இரவிலும் பெயர்பெற்ற வித்துவான்கள் மேடையேறுவர். உலகத்தில் இதற்கிணையான இசைத்திருவிழாக்கள் சிலவே.

எம் பாட்டனார் தலைமன்னாரிற் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி, றெயிலிற் சென்னை சென்று கச்சேரி கேட்டு வந்தவர். 1964 டிசெம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் அவர் போகவில்லை. கேட்டதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். எமது மாணவப் பருவமோ போர்க்காலத்திற் கழிந்தது. மின்சாரமில்லாத இரவுகளிற் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவின் வலுவில் வானொலி கேட்டோம். சுற்றுபவருடைய கை ஓய்ந்தால் வித்துவானுடைய குரலும் ஓய்ந்துவிடும். ஆலாபனை ஒன்றை முழுமையாகக் கேட்ட நாள்கள் மிகச் சில. இதனை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு, பின்னாற் புலப்படும்.

2023ஆம் ஆண்டு மார்கழியில் அந்த ஆசை கைகூடிற்று. பலாலியிலிருந்து சென்னைக்கு 2019 நவம்பரில் தொடங்கிய விமானப் போக்குவரத்து, நோய்த்தொற்றுக் காலத்தில் நின்று, 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியிருந்தது. பாட்டனார் ஓரிரவும் பகலுமாகக் கடந்த வழியை யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றரை மணி நேரத்துக்குள் கடந்துவிடலாம். எம் மனையாள், பதின்மூன்று வயது மகள், எட்டு வயது மகன், நாம் என நால்வர் புறப்பட்டோம். மகள் ஆறாண்டாக வாய்ப்பாட்டுப் பயில்கிறாள். மகனுக்கு இசையில் அப்போது ஒரு நாட்டமும் இல்லை.

முன்னேற்பாடுகளை முதலிற் சொல்லிவிடுகிறோம். இந்திய விசாவும் கடவுச்சீட்டும் பிள்ளைகளுக்கும் தனித்தனியே வேண்டும். விடுமுறைக்கு முன்பே விண்ணப்பித்தல் நன்று. அடுத்தது திகதி. ஈழத்தில் டிசெம்பர் முழுவதையும் மார்கழி என்றே வழங்குகிறோம். தமிழ் மாதமாகிய மார்கழியோ டிசெம்பர் நடுவிலேதான் பிறக்கும். பெரிய சபைகளின் விழாவும் ஏறக்குறைய அப்போதுதான் சூடுபிடிக்கும். சங்கீத வித்துவ சபையின் இசைவிழா புத்தாண்டு நாள் வரை நடக்கும். அதன்பின் நடனவிழா தொடங்கும். நாட்டியம் பயிலும் பெண்பிள்ளை இருப்பின் சனவரித் தொடக்கத்தைத் தெரிந்துகொள்க. டிசெம்பர் சென்னைக்கு மழைக்காலமும் ஆகும். நாம் சென்ற ஆண்டு டிசெம்பர்த் தொடக்கத்திலேதான் புயல்மழை அந்நகரை வெள்ளத்தில் ஆழ்த்தியது. ஆகவே குடை வேண்டும். மண்டபங்களுக்குள்ளே குளிரூட்டி கடுமையாக இருக்கும். ஆகவே பிள்ளைகளுக்குச் சுவெற்றரும் வேண்டும். தங்குமிடம் மயிலாப்பூர்ப் பக்கமாயின் பல சபைகளுக்கு ஓட்டோவில் விரைவாகச் செல்லலாம். நகரின் இரு முனைகளிலுள்ள இரு மண்டபங்களை ஒரே மாலையிற் பார்க்க எண்ணுதல் வீண். வீதி நெருக்கடியிற் பாதிக் கச்சேரி கழிந்துவிடும்.

இவ்வளவையும் நாம் சரியாகவே செய்தோம். தவறு வேறிடத்தில் நேர்ந்தது.

ஆறு நாளுக்குப் பதினேழு கச்சேரிகள் என அட்டவணை எழுதினோம். கல்லூரி நேரசூசி எழுதிப் பழகிய கை அல்லவா? காலை ஒன்று, பிற்பகல் ஒன்று, மாலை ஒன்று, இடையில் உணவு. முதல் நாள் பிள்ளைகள் புதுமையினால் இருந்தார்கள். இரண்டாம் நாள் பொறுமையினால் இருந்தார்கள். மூன்றாம் நாள் மாலை, மூத்த வித்துவான் ஒருவர் ஆலாபனையின் உச்சியில் ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்தி, மண்டபம் முழுவதும் மூச்சடங்கியிருந்த வேளையில், எம் மகன் உரத்த குரலில், "அப்பா, இது எப்ப முடியும்?" என்று கேட்டான். முன்வரிசையினர் திரும்பிப் பார்த்தனர். நாம் அவன் தொடையிற் கிள்ளினோம். அவன் அழவில்லை, எம் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலைகுனிந்தான். அழுதிருந்தால் எமக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

அன்றிரவு மகளின் முறை வந்தது. பகலில், அவளிலும் இளைய சிறுமி ஒருத்தி மேடையேறிக் கல்யாணி இராகத்திற் கற்பனாசுரம் பாடியதைக் கேட்டிருந்தோம். "பார், எப்படிப் பாடுகிறாள்!" என்று நாமும் மகளின் காதிற் சொல்லியிருந்தோம். விளக்கணைத்த பின் அவள் மெல்லச் சொன்னாள்: "அப்பா, ஊருக்குப் போனதும் ரீச்சரிட்டைச் சொல்லிவிடுங்கோ. எனக்கு இனிப் பாட்டு வேண்டாம்."

"ஏன்?" என்றோம்.

"ஆறு வருஷம் படிச்சும் எனக்கு அப்பிடி வராது. பிறகு ஏன் காசைச் செலவழிப்பான்?"

நாம் எழுந்திருந்து, முயற்சியின் பெருமையைப் பற்றித் தொடங்கினோம். "இஞ்சருங்கோ, இப்ப வகுப்பு எடுக்காதையுங்கோ" என்றார் மனையாள். அவ்வளவிலே நிறுத்தினோம்.

உறக்கம் வரவில்லை. பிள்ளையின் உள்ளத்திலே இசையை வளர்க்கக் கடல்கடந்து வந்து, இருந்ததையும் அணைத்துவிட்டோமே என்ற எண்ணம் உறுத்தியது. பதினேழு கச்சேரிகள் யாருக்காக எழுதப்பட்டன? டைனமோ ஓய்ந்தபோது நின்றுபோன ஆலாபனைகளையெல்லாம் ஆறு நாளிற் கேட்டு முடிக்க விரும்பியவர் யார்? பசி எம்முடையது. உண்ணும்படி வற்புறுத்தப்பட்டவர்கள் பிள்ளைகள்.

மறுநாட் காலை அட்டவணையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தோம். விழா நிரலைப் பிள்ளைகளிடம் கொடுத்து, "நாளைக்கு ஒன்று, நீங்களே தெரியுங்கள்" என்றோம். மகன் இரண்டைத் தெரிந்தான்: சபைச் சிற்றுண்டிச்சாலைத் தோசை ஒன்று, "பானை அடிக்கிற மாமா" மற்றொன்று. கடம் வாசிக்கும் கலைஞரையே அவன் அவ்வாறு குறித்தான். மகள் எதனையும் தெரியவில்லை. தம்பிக்குத் துணையாக வந்தாள்.

அது கட்டணமில்லாத காலைக் கச்சேரி. மண்டபத்தில் இருபது பேர் இருந்திருப்பர். பாடியவர் இளம்பெண். சுரம் பாடி வந்தவர் ஓரிடத்திற் கணக்குத் தவறி, எடுப்பைத் தவறவிட்டார். மிருதங்கம் வாசித்த இளைஞர் ஒரு கணம் கையை நிறுத்திச் சிரித்தார். பாடகியும் சிரித்தார், தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் அதே இடத்திலிருந்து தொடங்கினார். இம்முறை சரியாக வந்து விழுந்தது. இருபது பேரும் கைதட்டினோம். மகளைத் திரும்பிப் பார்த்தோம். அவள் வலக்கை, தாவணியின் மறைவில், தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

வெளியே வந்தபோது அவளாகவே சொன்னாள்: "அப்பா, அந்த அக்காவுக்கும் பிழைச்சது." நாம் மறுமொழி சொல்லவில்லை. சில வேளைகளில் ஆசிரியர் பேசாதிருத்தலே பாடம் என்பதை இருபதாண்டுச் சேவைக்குப் பின் அன்றுதான் கற்றோம்.

எஞ்சிய நாள்களில் நாளொன்றுக்கு ஒரு கச்சேரியே கேட்டோம். ஒரு நாள் விடியற்காலை மயிலாப்பூரிற் கபாலீசுவரர் கோயில் மாடவீதிகளிற் பசனை பாடிச் சென்றோரைப் பின்தொடர்ந்தோம். "எங்கடை திருவெம்பாவைக்குச் சேமக்கலம் அடிச்சுக்கொண்டு போறது மாதிரி" என்றான் மகன். ஊரிலே அவன் கண்டதுதான் கடலுக்கு அப்பாலும் உள்ளது என்ற உறவை அவனே கண்டுபிடித்தான். நாம் உரைத்திருந்தால் அது வெறும் செய்தியாய்ப் போயிருக்கும்.

இனி, கேட்ட நண்பருக்கும் ஏனையோருக்கும் எமது துணிபைச் சொல்வோம்.

பத்து வயதுக்குட்பட்ட பிள்ளையுடன் சென்றால் நாளுக்கு ஒரு நிகழ்ச்சி போதும். முழுக் கச்சேரியும் இருக்க வேண்டும் என்ற நியதியும் இல்லை. கரை இருக்கையில் அமர்ந்து, ஒரு பாட்டு முடிந்து கைதட்டும் வேளையில் வெளியேறினால் எவருக்கும் இடையூறு இல்லை. சிறுபிள்ளைகளை உள்ளே விடுவரோ என்பதை ரிக்கற் வாங்கு முன்னரே விசாரித்துக்கொள்க. நண்பகற் கச்சேரிகள் பலவற்றுக்குக் கட்டணமில்லை; கூட்டமும் குறைவு. பிள்ளைகளுக்கு அவையே உகந்தவை.

புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே வீட்டிற் பயிற்சி தொடங்கலாம். மோகனத்தில் ஐந்து சுரங்களே உள்ளன. பிள்ளையின் காதிற் சுலபமாகப் பதியும். ஆதி தாளத்தைக் கற்பியுங்கள்: ஒரு தட்டு, மூன்று விரலெண்ணிக்கை, பின்னர் தட்டி வீசுதல் இருமுறை, ஆக எட்டு எண்ணிக்கை. கை தாளம் போடக் கற்றுவிட்டால் கச்சேரி பிள்ளைக்கு அந்நியமாகத் தோன்றாது. தனியாவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாறிமாறிப் பேசும் கட்டமே சிறுவருக்கு மிகவும் பிடிப்பது. தவிலுலகிற் புகழ்பெற்ற தட்சணாமூர்த்தி எமது இணுவிலிற் பிறந்தவர் என்பதையும் அப்போது சொல்லிவையுங்கள். கதை விரும்பும் பிள்ளைக்கு, 1936இல் ருக்மிணி தேவி தோற்றுவித்த கலாக்ஷேத்திரத்தின் நாட்டிய நாடகம் ஏதேனும் அந்நாள்களில் நடக்குமாயின், நீண்ட ஆலாபனையிலும் அதுவே ஏற்றது.

யாவற்றிலும் முக்கியமானது ஒன்று. மேடையிலுள்ள பிள்ளையைக் காட்டி உங்கள் பிள்ளையை அளவாதீர்கள். அவ்வளவுகோலைப் பிள்ளை தானே எடுத்துவிடும். நாமும் எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை.

பிரயாணச் செலவு எல்லோருக்கும் இயல்வதன்று. சென்னை செல்லாதோர் வருந்த வேண்டா. நல்லூர்த் திருவிழாவின் நாதசுரமும், வட்டுக்கோட்டையிலும் மட்டக்களப்பிலும் ஆடப்படும் கூத்தும் எம் வாசலிலேயே உள்ளன. அங்கும் பிள்ளையைத் தெரியவிடுங்கள். அங்கும் நித்திரை வந்தால் வீட்டுக்குக் கூட்டி வாருங்கள்.

மகள் பாட்டு வகுப்புக்குத் தொடர்ந்து போகிறாள். அரங்கேறுவாளோ, அறியோம். மாலையில் விளக்கு வைத்தபின் தானாகவே பாடுகிறாள். பிழைத்தால் சிரித்துவிட்டு மறுபடி தொடங்குகிறாள். மகனோ வித்துவானாகிவிட்டான், குசினியில் இரண்டு மண்பானைகள் குறைந்துவிட்டன. மூன்றாவதை மனையாள் பரணில் ஏற்றி வைத்திருக்கிறார்.