‘அந்தப் பக்கம் போனால் குறி மாறும்’: முதல் பாடமாக இது வேண்டாம்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் உயர்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் எடுக்கும் ஆசிரியர்களும் பெற்றோரும் சேர்ந்த எங்கள் மன்றத்தின் நிலைப்பாடு இது. ஒரு மாறியில் அமைந்த சமன்பாட்டையும் அசமன்பாட்டையும் எட்டாம் வகுப்பிலிருந்தே சேர்த்துக் கற்பிக்க வேண்டும். ‘அந்தப் பக்கம் கொண்டுபோனால் குறி மாறும்’ என்ற குறுக்குவழியை, இரு பக்கமும் ஒரே செயலைச் செய்யும் பழக்கம் கைவந்த பிறகே சொல்லித்தர வேண்டும்.

குறுக்குவழி வேகமானது, பொதுத்தேர்வு அறையில் நேரம் மிச்சமாகும். ஆனால் காரணம் தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்ட பிள்ளை −3அ = 12 என்பதைப் பார்த்ததும் மூன்றைத் தள்ளி, கூடவே குறியையும் மாற்றி, அ = 4 என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறது. அசமன்பாட்டில் இன்னொரு குழப்பமும் சேர்கிறது: மாறுவது கழித்தல் குறியா, ஒப்பீட்டுக் குறியா? 2 < 5 என்பதன் இரு பக்கத்தையும் −1ஆல் பெருக்கி எண்கோட்டில் குறித்தால் −2 வலப்புறம் நிற்பது கண்ணுக்கே தெரியும். பத்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் ‘மைனஸ் வந்தால் திருப்பிப் போடு’ என்று இன்னொரு கட்டளையைக் கொடுத்துவிடுகிறோம்.

இரு பக்கமும் ஒரே செயல் என்பது புதுமுறை அல்ல. 499இல் ஆரியபட்டர் இயற்றிய ஆரியபட்டீயத்தில் இதற்கான விதி இருக்கிறது: சம செல்வமுள்ள இருவரிடம் பொருளும் பணமும் வெவ்வேறு அளவில் இருந்தால், பண வித்தியாசத்தைப் பொருள்களின் வித்தியாசத்தால் வகுத்தால் ஒரு பொருளின் விலை கிடைக்கும். ஒருவரிடம் 5 தோலும் 200 ரூபாயும், மற்றவரிடம் 3 தோலும் 600 ரூபாயும் இருக்கட்டும். இருவரிடமிருந்தும் மூன்று தோலையும் 200 ரூபாயையும் எடுத்துவிட்டாலும் சமம் கெடாது. மிஞ்சுவது ஒருவரிடம் 2 தோல், மற்றவரிடம் 400 ரூபாய். தோல் ஒன்று 200 ரூபாய்.

அசமன்பாட்டுக்கு உதாரணம் தேடி, தோல் தொழில் நடக்கும் நம் பக்கத்துப் பிள்ளைகள் எங்கும் போக வேண்டியதில்லை. தோல் பதனிடும் ஆலை வெளியேற்றும் நீரில் டி.டி.எஸ். (உப்பு உள்ளிட்ட கரைந்த திடப்பொருள்களின் மொத்த அளவு) லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மிகக்கூடாது. தொட்டியில் 1,000 லிட்டர் கழிவுநீர், டி.டி.எஸ். 6,000 என்று வைத்துக்கொள்வோம். டி.டி.எஸ். 500 உள்ள நல்ல தண்ணீரை எவ்வளவு கலந்தால் வரம்புக்குள் வரும்? அ லிட்டர் என்று கொண்டால்,

60,00,000 + 500அ ≤ 2,100(1,000 + அ)

சுருக்கினால் −1,600அ ≤ −39,00,000. இரு பக்கத்தையும் −1,600ஆல் வகுத்தால் அ ≥ 2,437.5. குறியைத் திருப்ப மறந்தவருக்கு அ ≤ 2,437.5 வரும். அப்படியானால் ஒரு சொட்டும் கலக்க வேண்டாம், அ = 0 போதும் என்றாகிறது; 6,000 என்பது 2,100க்கு மிகவில்லை என்றும் ஆகிறது. விடையைப் பொருத்திப் பார்த்த பிள்ளைக்கு ஆசிரியர் சிவப்பு மை போட வேண்டியதே இல்லை.

அடுத்து வகுப்பில் ஒரு கேள்வி எழ வேண்டும். ஆயிரம் லிட்டர் கழிவுக்கு ஏறத்தாழ இரண்டரை மடங்கு நல்ல தண்ணீரா? கலந்த பிறகும் உப்பு அத்தனையும் அதிலேயே இருக்கிறதே? பாலாற்றங்கரையில் குடிநீருக்குக் குடம் தூக்கிய பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி புரியும். வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்து, சுத்திகரிப்பு வசதியைக் கட்டாயமாக்கியதை அந்த இடத்தில் சொல்லலாம்.

சமன்பாட்டுக்கு ஷூ அளவே போதும். லாஸ்ட் எனப்படும் அச்சின் நீளத்தை அங்குலத்தில் எடுத்து மூன்றால் பெருக்கி 25ஐக் கழித்தால் பெரியவர்களுக்கான இங்கிலாந்து அளவு வரும். 3அ − 25 = 8 என்றால் அ = 11 அங்குலம், அதாவது 27.94 சென்டிமீட்டர். ஐரோப்பிய அளவு, சென்டிமீட்டர் நீளத்தின் ஒன்றரை மடங்கு, கிட்டத்தட்ட 42. ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் அம்மாவிடம் அன்று மாலையே கேட்டுச் சரிபார்க்கலாம். இப்படிக் கணக்கு கொடுப்பது பிள்ளைகளைக் கம்பெனிக்குத் தயார்செய்யும் வேலை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆம்பூர்ப் பிள்ளை என்றால் தோல் கணக்கு மட்டும் என்று ஒதுக்குவதை நாங்கள் எதிர்க்கிறோம்.

வாசிப்புச் சிக்கல் தனி. ‘குறைந்தது 35 மதிப்பெண்’ என்றதும் ‘குறைவு’ என்று எண்ணி < போடுகிறவர்கள் ஏராளம். வீட்டில் உருதோ தெலுங்கோ பேசிவிட்டு வகுப்பில் தமிழில் கணக்கு படிப்பவர்களுக்குச் சுமை இரட்டிப்பு. ‘குறைந்தது’, ‘மிகாமல்’, ‘அதிகபட்சம்’ ஆகியவற்றை எண்களை வைத்து வாய்விட்டுப் பேசிப் பழக்காமல் குறியீட்டுக்குப் போகக் கூடாது.

பள்ளிக் கல்வித் துறையிடம் நாங்கள் கேட்பது இரண்டு. எட்டு, ஒன்பது வகுப்புத் தேர்வுகளில், வந்த விடையைப் பொருத்திச் சரிபார்க்கும் வரிக்குத் தனி மதிப்பெண் கொடுங்கள். மதிப்பெண் இல்லாத வரியை எந்தப் பிள்ளையும் எழுதாது. ஒரே விடை கேட்கும் கணக்குகளோடு, தீர்வுகளை எண்கோட்டில் குறிக்கச் சொல்லும் கணக்கு ஒன்றாவது ஒவ்வொரு வினாத்தாளிலும் இருக்கட்டும். பாடத்தை முடிக்க நேரமில்லை என்ற ஆசிரியர்களின் கவலை நியாயமானது. அதற்காகப் பயிற்சிக் கணக்குகளில் பாதியைக் குறைத்தாலும் எங்களுக்குச் சம்மதமே.