அந்தப் பாட்டு வேண்டாம் என்பவர்களிடம்

1992-ல் வந்த ‘வேய்ன்ஸ் வேர்ல்ட்’ என்ற அமெரிக்க நகைச்சுவைப் படத்தில் ஒரு காட்சி உண்டு. நாயகன் ஒரு கிட்டார் கடைக்குள் போகிறான். ரொம்ப நாளாகக் கண்ணாடி வழியாகப் பார்த்து ஏங்கிய கிட்டாரைக் கையில் வாங்குகிறான். வாசிக்க ஆரம்பித்த சில நொடிகளிலேயே கடைக்காரர் தடுத்து, சுவரில் இருக்கும் பலகையைக் காட்டுகிறார். ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ பாட்டை இங்கே வாசிக்கக் கூடாது என்பதுதான் பலகையின் சாரம்.

முப்பது வருஷம் தாண்டியும் அந்தச் சிரிப்பு ஓயவில்லை. ராக் இசை பற்றிப் பேசுகிற நாலு பேர் நடுவில் போய் உட்காருங்கள். லெட் செப்பலின் பிடிக்கும் என்று சொல்லலாம், தப்பில்லை. அவர்களுடைய பாட்டுகளில் யாரும் அதிகம் கேட்காத ஒன்றைச் சொன்னால் மரியாதையே கிடைக்கும். ‘ஸ்டேர்வே’ பிடிக்கும் என்று சொல்லிப் பாருங்கள். “ஓ, இப்பத்தான் கேக்க ஆரம்பிச்சிருக்கீங்களா?” என்று ஒரு புன்னகை வரும். அந்தப் புன்னகையோடுதான் எனக்குச் சண்டை.

சண்டைக்கு முன்னால் ஒரு ஒப்புதல். அந்தப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நானும்தான். கல்லூரி விடுதியில் பக்கத்து அறைப் பையன் ஒருவன் யாரிடமோ இரவல் வாங்கிய கிட்டாரில் ராத்திரிதோறும் இந்தப் பாட்டின் முதல் பகுதியை மட்டும் வாசிப்பான். ஒரே இடத்தில் விரல் வழுக்கும். மறுபடி முதலிலிருந்து. ஒருநாள் நான் கதவைத் தட்டி, “மச்சான், உலகத்துல வேற பாட்டே இல்லையாடா?” என்றேன். வராந்தாவில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அதற்குப் பிறகு அவன் வாசித்து நான் கேட்கவில்லை. அந்த செமஸ்டர் முடிவதற்குள் கிட்டாரும் போய்விட்டது.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அன்றைக்கு அந்தப் பாட்டை நான் ஒரு தடவைகூட முழுசாகக் கேட்டிருக்கவில்லை. அது தேய்ந்துபோன பாட்டு என்பது மட்டும் தெரியும். எங்கிருந்து தெரியும்? எல்லோரும் சொன்னார்கள்.

சரி, ஒவ்வொரு குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது: கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. இது உண்மை. எழுபதுகளில் அமெரிக்க எஃப்எம் வானொலி நேயர்கள் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிய பாட்டுகளில் இது ஒன்று. ஆனால் இது எப்படி நடந்தது என்று பாருங்கள். பாட்டு வெளியானது 1971 நவம்பர் 8-ம் தேதி, குழுவின் நான்காவது ஆல்பத்தில். அந்த ஆல்பத்துக்குப் பெயர் கிடையாது. அட்டையில் குழுவின் பெயர்கூட இல்லை. பாட்டின் நீளம் எட்டு நிமிடம் இரண்டு நொடி. அன்றைய வானொலி மூன்று நிமிடப் பாட்டுகளுக்குப் பழகியது. தனி இசைத்தட்டாக வெளியிடச் சொல்லி நிறுவனம் வற்புறுத்தியபோது குழு மறுத்தது. சுருக்கித் தரவும் மறுத்தது. வானொலி நிலையங்களுக்கு மட்டும் சில தட்டுகள் போயின. கேட்க வேண்டுமென்றால் முழு ஆல்பத்தையும் வாங்கித்தான் ஆக வேண்டும்.

அதாவது, இன்றைக்கு நாம் ‘ஓவர் எக்ஸ்போஸ்டு’ என்று ஒதுக்குகிற பாட்டு, விற்பதற்குத் தோதில்லாத வடிவத்தில் வந்த பாட்டு. முதன்முதலாக மேடையேறியது 1971 மார்ச் 5, பெல்ஃபாஸ்ட் நகரின் அல்ஸ்டர் ஹால் அரங்கில். ஆல்பம் வர இன்னும் எட்டு மாதம் இருந்தது. கூட்டம் இந்தப் பாட்டை ரசிக்கவே இல்லை, தெரிந்த பாட்டு எப்போது வரும் என்று சலிப்போடு காத்திருந்தது என்று பேஸ் கலைஞர் ஜான் பால் ஜோன்ஸ் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். யாருக்கும் தெரியாததாக இருந்தபோதும் பிடிக்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்த பிறகும் பிடிக்கவில்லை. நடுவில் கோடிக்கணக்கானவர்கள் அதைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள். தினமும் ஒலிபரப்பியது வானொலியின் முடிவு. அந்தக் கோபத்தைப் பாட்டின் தலையில் இறக்குவானேன்? தெருவுக்குத் தெரு ஒலிபெருக்கியில் போட்டார்கள் என்பதற்காக நாம் எந்தப் பக்திப் பாட்டின் மெட்டையும் மட்டம் என்று சொல்வதில்லையே.

இரண்டாவது: நீளம், ஆடம்பரம், அலட்டல். இங்கேதான் இந்தப் பாட்டு ஏன் சாகவில்லை என்ற விஷயம் இருக்கிறது. ஒற்றை அகஸ்டிக் கிட்டாரில் தொடங்குகிறது. ஏ மைனரில் அடித்தள ஸ்வரம் அரை அரைப் படியாக இறங்குகிறது. மேலே ஜோன்ஸ் வாசித்த ரெக்கார்டர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஊதும் அந்த மரக்குழல்கள்தான், ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. பிறகு குரல். பிறகு எலக்ட்ரிக் கிட்டார்கள். டிரம்ஸ் மட்டும் வரவே இல்லை. அந்தத் தலைமுறையின் மிகப் பலமான டிரம் கலைஞர்களில் ஒருவரான ஜான் பான்ஹம் நான்கு நிமிடத்துக்கு மேல் சும்மா இருக்கிறார். பாதிப் பாட்டு முடிந்த பிறகுதான் உள்ளே வருகிறார்.

நம் கச்சேரி கேட்டவர்களுக்கு இது புதிதில்லை. ராகம் விரியும்போது மிருதங்கக்காரர் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் வாசிக்காமல் இருப்பதும் சபைக்குக் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். முதல் தட்டு விழுகிறபோது உடம்பு நிமிர்வதற்குக் காரணம் அந்தக் காத்திருப்பு. ‘ஸ்டேர்வே’ செய்வதும் ஏறக்குறைய இதைத்தான். இன்னொன்றும் இருக்கிறது: பாட்டின் வேகம் போகப்போகக் கூடுகிறது. ஜிம்மி பேஜ் அறுபதுகளில் லண்டன் ஸ்டுடியோக்களில் கூலிக்கு வாசித்தவர். அங்கே முதல் பாடமே வேகத்தைக் கூட்டாதே என்பது. அந்த விதியை மீறவேண்டும் என்று தெரிந்தே இதை அமைத்ததாக அவர் சொல்லியிருக்கிறார். ஆறாவது நிமிடத்தையொட்டி கிட்டார் தனி ஆவர்த்தனம், பிறகு முழுக் குழுவின் ஆட்டம், கடைசியில் எல்லாம் அடங்கிக் குரல் மட்டும் தனியாக நிற்கிறது. இதை அலட்டல் என்கிறவர்கள் பெரும்பாலும் ஆறாவது நிமிடத்தை மட்டும் கேட்டவர்கள். முதல் நாலு நிமிடம் பொறுமையாகக் கேட்டவருக்கு அது அலட்டலாகத் தெரியாது, வந்துசேர்ந்ததாகத் தெரியும்.

மூன்றாவது: வரிகளுக்கு அர்த்தமே இல்லை. பாதி ஒத்துக்கொள்கிறேன். பாட்டில் வரும் பெண் யார், அந்தப் படிக்கட்டு எங்கே போகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. சிலர் சாத்தானைக்கூடக் கண்டுபிடித்தார்கள். 1982-ல் கலிஃபோர்னியா சட்டமன்றக் குழு ஒன்று இந்தப் பாட்டைப் பின்பக்கமாக ஓடவிட்டுக் கேட்டது. இதுவும் நடந்தது பாஸ், நம்புங்க.

ஆனால் எழுதியவரைப் பாருங்கள். ராபர்ட் பிளான்ட் இந்த வரிகளை எழுதியபோது வயது 22. ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டில், பேஜ் கிட்டார் வாசித்துக்கொண்டிருக்க, கணப்படுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து பெரும்பகுதியை ஒரே மூச்சில் எழுதினார். இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு அதே வயசு இருக்கும். இருபத்திரண்டில் நீங்கள் எழுதிய கவிதையில் எத்தனை வரிக்கு உங்களாலேயே அர்த்தம் சொல்ல முடியும்? அர்த்தம் தெளிவதற்கு முன்னாலேயே ஏதோ ஒன்று பெரிதாக இருக்கிறது என்று நம்புகிற வயது அது. அந்த நம்பிக்கை பாட்டில் அப்படியே பதிவாகியிருக்கிறது. அதைக் கேட்டு வெட்கப்படுகிறவர்கள் வரிகளைப் பார்த்து மட்டும் வெட்கப்படுவதில்லை. தங்களுடைய பழைய நோட்டைப் பார்த்தும்தான்.

பாடியவரே வெட்கப்பட்டவர்தான் என்பீர்கள். ஆமாம். இனி இந்தப் பாட்டைப் போட மாட்டோம் என்று வாக்குக் கொடுத்து நன்கொடை கேட்ட ஒரு அமெரிக்க வானொலிக்குப் பணம் கொடுத்த கதையை பிளான்ட்டே சொல்லியிருக்கிறார். வருஷக்கணக்கில் இதைப் பாட மறுத்தார். ஆனால் 2012 டிசம்பரில் வாஷிங்டனில் கென்னடி சென்டர் விருது விழாவில், ஹார்ட் குழுவின் வில்சன் சகோதரிகள் இதைப் பாடினார்கள். டிரம்ஸில் ஜேசன் பான்ஹம், 1980-ல் இறந்துபோன ஜான் பான்ஹமின் மகன். பின்னால் வந்த சேர்ந்திசைக் குழுவினர் அப்பாவின் அடையாளமான வட்டத் தொப்பியைப் போட்டிருந்தார்கள். மாடத்தில் உட்கார்ந்திருந்த பிளான்ட்டின் கண் கலங்கியதை உலகம் பார்த்தது. 2023 அக்டோபரில், இங்கிலாந்தில் புற்றுநோய் நிதிக்காக நடந்த ஒரு நிகழ்ச்சியில், 75 வயதில் அவரே மறுபடி பாடினார். 22 வயசுப் பையன் எழுதியதை எழுபத்தைந்து வயதுக்காரர் மன்னித்துவிட்டார். நமக்கு என்ன வந்தது?

நான்காவதுதான் கனமான குற்றச்சாட்டு: திருட்டு. இதில் நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. ப்ளூஸ் கலைஞர் வில்லி டிக்சன் வழக்குப் போட்ட பிறகுதான் ‘ஹோல் லாட்டா லவ்’ பாட்டில் அவர் பெயர் சேர்ந்தது. கறுப்பினக் கலைஞர்களின் சொத்தின்மேல் வெள்ளை ராக் குழுக்கள் மாளிகை கட்டிய வரலாற்றில் லெட் செப்பலினுக்குப் பெரிய பங்கு உண்டு. ‘ஸ்டேர்வே’ மீதும் வழக்கு வந்தது. ஸ்பிரிட் குழுவின் ராண்டி கலிஃபோர்னியா எழுதி 1968-ல் வெளிவந்த ‘டாரஸ்’ இசையிலிருந்து முதல் பகுதியை எடுத்தார்கள் என்று 2014-ல் தொடுத்த வழக்கு. 2016-ல் லாஸ் ஏஞ்சலிஸ் ஜூரி, பேஜும் பிளான்ட்டும் ‘டாரஸ்’ கேட்டிருக்க வாய்ப்பு இருந்தது, ஆனால் சட்டப்படி தேவையான ஒற்றுமை இல்லை என்றது. மேல்முறையீட்டில் ஒரு சுற்று மாறி, 2020 மார்ச்சில் அந்தத் தீர்ப்பே உறுதியானது.

தீர்ப்பைக் காட்டி விஷயத்தை முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. அன்றைய சட்டப்படி ஒப்பிட வேண்டியது பதிவுசெய்த இசைக்குறிப்பைத்தான், இசைத்தட்டை அல்ல. இரண்டையும் கேட்டால் முதல் சில நொடிகள் சொந்தக்காரர்கள்போல இருப்பது காதுக்குத் தெரியும். ஆனால் அந்த இறங்குவரிசை பல நூற்றாண்டுகளாகப் பொதுவழியில் கிடப்பது. அந்த வழியில் நடந்து யார் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று கேட்கலாம். குழுவைக் குற்றம் சொல்லுங்கள், நானும் சேர்ந்து சொல்கிறேன். ஆனால் அந்தப் பலகை மாட்டியவர்கள் வில்லி டிக்சனுக்காக மாட்டவில்லை.

பலகை யாருக்கு எதிராக? கடைக்குள் வருகிற கைதேர்ந்த கலைஞருக்கு எதிராக இல்லை. அவர் இதை வாசிக்க மாட்டார். அது புதுசாகக் கற்றுக்கொள்கிற பதினைந்து வயசுப் பிள்ளைக்கு எதிரானது. இந்தப் பாட்டின் முதல் நிமிடத்தை விரல் தேய நாலு மாதம் உழைத்தால் யாரும் வாசித்துவிடலாம். ஆறாவது நிமிடத்துக்கு வருஷக்கணக்கில் ஆகும். வாசல் தாழ்வாகவும் உள்ளே போகப்போக உயரமாகவும் கட்டிய வீடு அது. ஐம்பது வருஷமாக ஆட்கள் நுழைந்துகொண்டே இருப்பதற்குக் காரணம் அதுதான் என்று நான் நினைக்கிறேன். தொடக்கக்காரர்கள் கூட்டம் அலைமோதுகிற வாசல் என்பதாலேயே, ஏற்கெனவே உள்ளே போய்விட்டவர்களுக்கு அது கேவலமாகப் படுகிறது.

இலக்கியத்திலும் இதே பலகையை நாம் வைத்திருக்கிறோம். ‘பொன்னியின் செல்வன்’ படித்து வாசிக்க வந்தேன் என்று ஒரு பெண் சொன்னால் உதட்டைச் சுழிக்கிறோம். நாமும் ஏதோ ஒரு வாசல் வழியாகத்தான் வந்தோம். வந்த வாசலைச் சொல்ல வெட்கப்பட்டு, நேராக மாடியில் பிறந்த மாதிரிப் பேசுகிறோம்.

‘ஸ்டேர்வே’ பிடிக்கவில்லையா, பரவாயில்லை. எட்டு நிமிடமும் கேட்டுவிட்டுப் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், வாதாடலாம். கேட்காமலே சிரிக்காதீர்கள். பக்கத்து அறையிலிருந்து தப்பும் தவறுமாக அந்த முதல் பகுதி கேட்டால், தயவுசெய்து கதவைத் தட்டாதீர்கள்.

அந்தப் பையனை நாலைந்து வருஷம் முன்னால் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். வேலை, வீடு, குழந்தைகள் என்று எல்லாம் பேசினோம். இன்னும் கிட்டார் வாசிக்கிறியா என்று மட்டும் கேட்க வாய் வரவில்லை.