எதிர்க்கட்சியும் சுகாதாரச் சட்டமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2010ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 23ந் தேதி ஒபாமா கையொப்பமிட்ட சுகாதாரச் சட்டம் இறுதியில் வாக்கெடுப்புக்கு வந்தபோது, குடியரசுக் கட்சியாருள் ஒருவரேனும் அதனை ஆதரித்தாரில்லை. எதிர்த்தமையை யாம் குறைகூறோம். எதிர்த்த விதமே எமக்கு உடன்பாடன்று.

இன்ஷூரன்ஸ் கொள்ளாதார்க்கு அபராதம் என்னும் விதியைப் பெருங்கொடுமை என்றனர். அதனையொத்த விதியை மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்தில் 2006ல் கையொப்பமிட்டு ஏற்றவர் அக்கட்சியினராகிய மிட் ராம்னியே அன்றோ! 2013 அக்டோபரில் இச்சட்டத்தின்பொருட்டு மூண்ட பணப் பூசலால் சர்க்கார் அலுவல்கள் பல 16 நாள் நின்றன, சட்டமோ அசையவில்லை.

ரத்துச் செய்து வேறொன்று தருவோம் என்று ஏழாண்டு முழங்கினார் கையில் 2017ல் ஆட்சியே வந்தது. அவ்வேறொன்று ஆயத்தமாயில்லை என்பது அப்பொழுது வெளிப்பட்டது. வாதசபையில் எதிர்ப்பக்கம் பேசும் நம் மாணாக்கர்க்கு மறுப்பு மாத்திரம் போதும். முன்னரே நோயுற்றிருந்தும் இச்சட்டத்தால் இன்ஷூரன்ஸ் பெற்ற ஒருவனிடம், "சற்றுப் பொறு, யோசிக்கின்றோம்" எனச் சொல்ல எவர்க்கு வாய் எழும்? ஜூலை 28ல் செனெட் சபையில் 51க்கு 49 ஆக அவர் முயற்சி தோற்றது. மக்கெயின் முதலாய அக்கட்சியினர் மூவரே எதிர்த்து வாக்களித்தனர்.

சட்டத்தில் குறையில்லாமலில்லை. சகாயப் பணம் பெறாத நடுத்தரக் குடும்பத்தார் பலர் பிரீமியம் உயர்ந்து வருந்தினர். அக்குறையைப் பற்றித் தொடக்கத்திலேயே திருத்தம் கேட்டிருப்பின், அக்கட்சியார்க்கு நியாயமும் செல்வாக்கும் ஒருங்கே சேர்ந்திருக்கும் என்பது எமது அபிப்பிராயம். முடிவில் அவர் பெற்றது, 2017 டிசம்பரில் ஒரு வரிச்சட்டத்தின் வாயிலாய் அவ்வபராதத்தைப் பூஜ்யமாக்கியதே. சட்டத்தின் பெரும்பகுதி நின்றது.