கணக்கெடுப்பவர் பிந்தினார், கட்டணம் முந்திற்று!

தமிழகத்து இல்லங்களில் மின்கணக்கு இரு திங்களுக்கு ஒருமுறை. நாளொன்றுக்கு 8 யூனிட் செலவிடும் வீட்டை எண்ணிப் பாருங்கள், தோழர்களே! 60 நாளில் 480 யூனிட். கணக்கெடுப்பவர் 5 நாள் பிந்தினால் 520! 500-ஐத் தாண்டிவிட்டதாம், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு இருந்த சலுகை விகிதமும் பறிபோகிறது. பிந்தியவர் யார்? தண்டம் இறுப்பவர் யார்? கேட்கச் சென்றால், முதலில் பணத்தைக் கட்டுங்கள், பிறகு பார்க்கலாம் என்கின்றனர். என்னே பரிவு! புகாருக்கு எண் தருகின்றனர், விடைதான் வருவதில்லை. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, மின்சாரம் வழங்குவோர் குறைதீர் மன்றம் அமைத்தே தீரவேண்டும் என்கிறது. அங்கும் நீதி கிட்டாவிடில் மின்குறை தீர்ப்பாளரை நாடலாம். கணக்கெடுத்த நாள் குறித்த அட்டையுடன் எழுத்து மூலம் முறையிடுங்கள். ஒப்புகைச் சீட்டுப் பெறாமல் திரும்பாதீர்கள்!