எதிர்ப்புச் சக்தி என்னும் சொல்

செம்பரம்பாக்கத்திலிருந்து ஒரகடம் வரை மருந்துக்கடைகளில் ‘எதிர்ப்புச் சக்தி’ டானிக்குகளுக்குப் பஞ்சமில்லை. கழுத்தில் கழலை கண்ட பிள்ளைக்கும் அதையே ஊட்டுகிறோம். நம் அறிவியல் எழுத்தும் வெள்ளணுக்களைப் போர்வீரர்களாகவே சித்திரித்து வந்திருக்கிறது. இந்தப் படிமம் பிழையானது என்பேன்.

ஹாட்ஜ்கின் நிணநீர்ப் புற்றில் புற்றணுக்கள் மிகச் சிலவே. கட்டியின் பெரும்பகுதி, காவலுக்கு வந்த எதிர்ப்பணுக்கள்தாம்! அவற்றுள் பெருவிழுங்கணுக்கள் தம் பழைய தொழிலான புண்ணாற்றலைத் தொடங்கி, இரத்தக்குழாய்களை வளர்க்கும் புரதத்தைச் சுரக்கின்றன. புண்ணில் இவ்வேலை தழும்போடு நின்றுவிடும், கட்டியில் நிற்பதில்லை. புதுக் குழாய்களின்றிக் கட்டி பெருகாது என்று ஜூடா ஃபோக்மன் 1971இல் எழுதியபோது நம்பியவர் குறைவு. விழுங்கணுக்கள் மிகுந்த ஹாட்ஜ்கின் கட்டிகளில் சிகிச்சை தோற்கும் வாய்ப்பு கூடுதல் என்று 2010இல் ஓர் ஆய்வு காட்டியது. (குழந்தைகளில் கணக்கு இவ்வளவு நேரானதன்று.)

ஆக, எந்தச் சக்தியைக் கூட்டுகிறோம்? முறையான சிகிச்சையில் இக்குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். டானிக்கில் கழியும் மாதங்களே கொடியவை. அடையாறு புற்றுநோய் நிலையம் 1954இலிருந்து இருக்கிறது. இதே நெடுஞ்சாலையில் மேற்கே போனால் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை. சில வாரங்களில் வற்றாத கழலையை அங்கே துண்டெடுத்துச் சோதிப்பார்கள்.