சுவரில் மூன்று சட்டங்கள்

சென்ற தை மாதத்தில் என் தம்பி மகள் கட்டிய புதுவீட்டின் குடிபூரலுக்குச் சென்றிருந்தேன். பால் காய்ச்சி முடிந்தபின் வந்தோர் பலரும் நடுமண்டபத்துச் சுவரைப் பார்த்து வியந்து நின்றனர். பதினான்கடி நீளமான அச்சுவரில் ஒரே அளவான மூன்று சட்டங்கள், இரண்டங்குல இடைவெளி விட்டு வரிசையாகத் தொங்கின. மாலைக் கடல், மணற்கரை, ஒரு தோணி, காட்சி இவ்வளவே. ஆயினும் தோணியின் முன்பாதி முதற் சட்டத்திலும் பின்பாதி இரண்டாஞ் சட்டத்திலும் கிடந்தன. நடுவில் வெறுஞ் சுவர்.

“அப்பப்பாவின் படம் எங்கே, பிள்ளை?” என்று கேட்டேன்.

“மேல்மாடி அறையில் இருக்கிறது, பெரியப்பா. இவ்வளவு பெரிய சுவரில் அந்தச் சின்னப் படம் எடுபடாது” என்றாள்.

அவள் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. நீண்ட சுவரின் நடுவே ஒரு சாண் அளவான படம் தனித்துத் தொங்கினால் பார்வைக்கு எட்டாதுதான். முன்னாளில் நம் வீடுகளில் விறாந்தையும் முற்றமும் பெரியன, சுவர்கள் சிறியன. இந்நாளிலோ மண்டபமே வீடாகிவிட்டது. வெறுஞ் சுவரை நிரப்ப வேண்டும் என்னும் தேவை மெய்யானது. அதனை நிரப்பும் வழியைப் பற்றியே எனக்கு வழக்கு உண்டு.

மூன்று பலகைகளால் ஆகிய ஓவியம் புதுமையன்று. ஐரோப்பியர் அதனைப் பல நூற்றாண்டுகளாக ஆண்டு வந்தனர். அவர்கள் வழங்கும் பெயர், மும்மடிப்பு என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. அதனை மும்மடல் ஓவியம் என நாம் வழங்கலாம். அதன் அமைப்பு நம் இரட்டைக் கதவை ஒத்தது. நடுவிற் பெரிய பலகை நிற்கும். இருபுறமும் பிணைச்சலிட்ட இரு சிறகுகள் அதனை மூடும். மூடவேண்டியிருப்பதால் ஒவ்வொரு சிறகும் பெரும்பாலும் நடுப்பலகையின் அரைவாசி அகலமே இருக்கும். ஆகவே மூன்று என்னும் எண் அழகுக்காக மட்டும் வந்ததன்று, தொழிலுக்காக வந்தது.

இவ்வகை ஓவியங்கள் கோயில்களில் மட்டும் இருந்தன என்று கருதற்க. நியூயோர்க் நகரத்துக் குளொயிஸ்ரர்ஸ் அருங்காட்சியகத்தில் மெரோட் ஓவியம் என்று ஒன்று உண்டு. பிளெமிய ஓவியர் றொபேட் கம்பினின் பட்டறையில், ஏறக்குறைய 1427க்கும் 1432க்கும் இடையில் ஆக்கப்பட்டது. உயரம் இரண்டடி, விரித்தால் அகலம் நான்கடி அளவு. வீட்டில் வைத்து வழிபடுவதற்கென அமைந்த சிறு படம் அது. நடுப்பலகையில் ஒரு வீட்டு மண்டபம். அங்கே புத்தகம் படித்திருக்கும் மரியாளிடம் வானதூதன் செய்தி கொண்டு வருகின்றான். இடப்பலகையில் முற்றம், படத்தைச் செய்வித்தவனும் அவன் மனைவியும் திறந்த கதவருகே முழந்தாளிட்டிருக்கின்றனர். வலப்பலகையில் தச்சுப் பட்டறை. யோசேப்பு தம் வேலையில் ஆழ்ந்திருக்கின்றார், பலகைமேல் ஓர் எலிப்பொறி இருக்கின்றது. முற்றம், மண்டபம், பட்டறை என இடம் மூன்று. ஒன்றைக் கழற்றி எடுத்தாலும் அது தன்னளவில் ஒரு படமாய் நிற்கும். மூன்றுஞ் சேர்ந்தாலோ ஒரு வீடாகும்.

இதனினும் நுட்பமானது அன்ற்வேர்ப் நகரப் பேராலயத்தில் உள்ளது. துப்பாக்கி வீரர் சங்கம் ஒன்றிற்காக, ரூபன்ஸ் என்னும் பேரோவியர் 1611இல் தொடங்கி 1614இல் முடித்த மும்மடல் அது. நடுவே, சிலுவையிலிருந்து இயேசுவின் உடலை இறக்கித் தாங்குகின்றனர். இடப்புறம், கருவுற்ற மரியாள் தன் உறவினளைக் காணச் செல்கின்றாள். வலப்புறம், முதியவராகிய சிமியோன் கோயிலிற் குழந்தையைக் கையில் ஏந்துகின்றார். காலத்தால் வேறுபட்ட இம்மூன்றையும் இணைப்பது யாது? சுமத்தல் என்னும் ஒரு கருத்தே. வயிற்றிற் சுமந்தாள் ஒருத்தி. கையிற் சுமந்தார் ஒருவர். உயிர் போன உடலைச் சுமந்தனர் பலர். அச்சங்கத்தின் காவற் புனிதரோ கிறித்தோப்பர். அப்பெயருக்குப் பொருளே கிறித்துவைச் சுமப்பவர் என்பது. சிறகுகளை மூடினால் வெளிப்புறத்தில் அவரே தோன்றுவார்.

“அதே ரூபன்ஸ், சிலுவையை நிமிர்த்தும் ஒரே காட்சியை மூன்று பலகைகளிலும் பரப்பி 1610 அளவில் வரைந்தாரே!” என்று அன்பர் ஒருவர் வினவலாம். வரைந்தார், மறுப்பதற்கில்லை. ஆயின் அங்கும் இடப்பலகை துயருறும் பெண்களுக்கும் வலப்பலகை படைவீரருக்கும் உரியனவாயின. ஒரு காட்சியைப் பகுத்தார். ஓர் உருவை அறுத்தாரல்லர். பகுத்தல் வேறு, அறுத்தல் வேறு.

தமிழ் கற்ற நமக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். திருக்குறள் முப்பாலாய் நிற்கின்றது. 1330 குறள்களையும் எண்ணி மூன்று சமகூறாக்கிய பாகுபாடோ அது? அன்று. அறத்துக்கு 38 அதிகாரம், பொருளுக்கு 70, இன்பத்துக்கு 25. பொருள் நோக்கிப் பிரிந்தமையாலே அளவு ஒவ்வாது நிற்கின்றன. ஒவ்வாது நின்றும் ஒரு நூலாகின்றன. எம் மாணவர் ஒருவர் ஒரு கட்டுரையை ஒத்த நீளமுள்ள மூன்று பத்தியாக நறுக்கிக் கொடுத்தால் நாம் மதிப்பெண் குறைக்கின்றோம். சுவரில் அதனையே செய்தால் அழகு என்கின்றோம்.

மேல்மாடி அறைக்குப் போன அந்தச் சிறு படத்தின் வரலாற்றையுஞ் சொல்லிவிடுகின்றேன். 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் வீடு வாசல் விட்டுத் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, என் தாயார் அதனைச் சேலையிற் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, நெரிசலிலும் மழையிலும் நடந்தார். யான் என் ஏட்டுப் பிரதிகளைச் சுமந்தேன். தம்பி அரிசிப் பையைச் சுமந்தான். மீண்டு வந்தபோது வீட்டிற் கூரையில்லை. தந்தையாரின் வேறொரு படமும் எஞ்சவில்லை. இன்று தம்பி மகளின் ஆறு வயது மகனுக்குத் தன் பூட்டனின் முகம் தெரியாது. கடையில் வாங்கிய கடலை அவன் நாள்தோறும் பார்க்கின்றான். அது எந்தக் கடல் என்பதை வாங்கியவருஞ் சொல்லார்.

ஆதலின் யான் அவளுக்குக் கூறியது இது. மூன்று சட்டங்களும் அவ்விடத்திலேயே இருக்கட்டும். சட்டத்தினுள் இருப்பவை மாறட்டும். சிறிய படத்தைச் சுற்றி அகன்ற வெள்ளை அட்டை வைத்தால் பெரிய சட்டத்திலும் அது எடுபடும். அதனை நடுவில் வை. ஒருபுறம், பழைய வீட்டின் முகப்பை நினைவிலிருந்து உன் தந்தை வரையட்டும். சித்திரப் பாடத்தில் அவன் கெட்டிக்காரன். சுவரோடு ஒட்டாமற் சிறிது விலக்கி மாட்டு. ஈரமுங் கறையானும் அணுகா.

“மற்றப் பக்கத்துக்கு, பெரியப்பா?” என்றாள்.

“இந்தப் புதுவீட்டை உன் மகன் வரையட்டும். கோடு கோணலானாலும் அது முழுப்படமாக இருக்கும்” என்றேன்.